காவடி விளக்குக்கு ஈயம்

உ

கிள்ளான்,
மார்கழி, திங்கட்கிழமை

பெர்த்தில் இருக்கும் என் பேரன் குருவுக்கு உன் பாட்டி இராஜம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை போட்டு நன்றாக இருக்கிறோம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது பாட்டிக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் இந்த வீட்டில் பின்கட்டு வரைக்கும் கேட்கிறது. உன் அம்மா மாதவியை டைப் பண்ணச் சொன்னால் வாய்விட்டுப் படித்துக்கொண்டே டைப் பண்ணுகிறாள். நான் சொல்ல வந்தது உன் அப்பன் காதில் விழக்கூடாது. அதனால் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை கற்ற எழுத்தை வெளியே எடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியின் மகள் இந்த வாரக் கடைசியில் பெர்த்துக்குப் பறக்கிறாள். அவள் கையில் கொடுத்துவிடுவேன். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். படித்த பிள்ளைதானே.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டாய். உன் அப்பன் வாய் கோணி, வலது கை செத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ போனில் அழுதுகொண்டே சொன்னாய்: "அப்பாவுக்கு அந்தக் கை திரும்ப வந்துட்டா பத்துமலைக்குக் காவடி எடுக்கிறேன் பாட்டி." நீ அதைச் சொன்னபோது உனக்குப் பின்னால் எவனோ இங்கிலீஷில் சிரித்தான். அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது எப்போது வருகிறாய் என்று கேட்டால் "பார்க்கலாம் பாட்டி" என்கிறாய். முருகனிடம் பார்க்கலாம் என்று நேர்ந்துகொள்கிறவனை நான் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

நீ ஏன் தயங்குகிறாய் என்று தெரியும். நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய அன்று உன் அப்பன் "போறவன் போ, திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காதே" என்றான். நீ பதிலுக்குச் சொன்னதும் என் தலையில் எழுத்து மாறாமல் இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். அவன் படுத்தபோதும் "நான் வந்து நின்னா அவருக்கு பிபி ஏறும்" என்று சொல்லி வராமல் இருந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர்களில் யார் வெறும் கையோடு வந்தார்கள் என்று எல்லாம் எனக்குத் தெரியும். உன் தாய்மாமன் அழுகின பேரிக்காய் கொண்டுவந்தான். அதற்கு அவனை நான் விட மாட்டேன். உன்னை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. பேரன் என்பதால்.

சரி, நான் செய்த வேலையைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து உன் அப்பன் டிவி முன்னால் உட்கார்ந்தவன்தான். நடக்கிறான், பேச்சும் தெளிந்துவிட்டது. ஆனால் வலது கையை மடியில் ஒரு பொட்டலம் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கையை அமுக்கிப் பழக ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை ஜன்னல் வழியாக லொங்காங் சாக்கடையில் எறிந்துவிட்டான். பகல் முழுக்க ஏர்கோன் பழுது பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் அடுப்படி மேசையில் ரேடியோவையும் ஆம்ப்ளிஃபையரையும் பிரித்துப் போட்டுக்கொண்டு விசில் அடிப்பானே, அந்த மனுஷனா இவன் என்று உன் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்கிறாள்.

நான் அவனிடம் ஒரு பொய் சொன்னேன். உன் சித்தப்பா மகன் லோகன் தைப்பூசத்துக்கு மயில் காவடி எடுக்கிறான், அதற்குச் சின்ன எல்இடி விளக்கு போட வேண்டுமாம், வெளியே கொடுத்தால் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள், நீ வாயால் சொல், நான் கையால் செய்கிறேன் என்றேன். காவடி உனக்கு என்று உன் பேரைச் சொன்னால் தொட மாட்டான் என்று பயம். லோகனிடமும் சொல்லி வைத்துவிட்டேன். அவன் "பாட்டி, நான் மாட்டினேன் லா" என்று சொல்லிவிட்டு, மேரு ரோட்டில் காவடி கட்டுகிறவரிடமிருந்து சட்டத்தை லோரியில் ஏற்றிவந்து நம் முன்னறையில் வைத்துவிட்டுப் போனான்.

உன் அப்பன் சட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "உனக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியல. நீ ஈயம் வைக்கப் போறியா?" என்றான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் என்னைக் கேலி பண்ணினது அன்றைக்குத்தான். எனக்கு அதுவே போதும் போல இருந்தது.

வீட்டில் சாமான் ஒன்றும் இல்லை. ஈயம் உருக்கி ஒட்டுகிற பழைய சோல்டரிங் அயர்ன் வெள்ளம் வந்தபோது சேற்றோடு போய்விட்டதே. இராமலிங்கம் கடை பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அவன் எனக்கு ஷாக் அடிக்கிற இஸ்திரிப் பெட்டியை விற்றுவிட்டு "நீங்க ஈரக்கையோட தொட்டீங்கம்மா" என்று சொன்னவன். அவன் கடைப்படி ஏற மாட்டேன். கோமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, புடுவில் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ஜாலான் பாசாருக்கே போய்விட்டேன். என்னென்ன வாங்க வேண்டும் என்று உன் அப்பன் சொன்னதைத் தாளில் எழுதிக்கொள்ளவில்லை. எழுதி வைத்துத்தான் எனக்கு ஞாபகம் வர வேண்டுமா?

கடை பாஸ் ஒரு சீனர், என் வயதுக்காரர். யாருக்கு என்று மலாயில் கேட்டார். எனக்குத்தான் என்றேன். "ஆன்டி செண்டிரி? வாஹ், ஹெபாட் லா!" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். தானே செய்யப் போகிற கிழவி கெட்டிக்காரியாம். மூன்று விதமான அயர்ன் எடுத்துப் போட்டார். ஒன்று மலிவு. சுவரில் சொருகினால் சூடு ஏறிக்கொண்டே போகும், நிற்கத் தெரியாது, உன் தாத்தா கோபம் மாதிரி. இன்னொன்று தனிப் பெட்டியோடு வருவது, சூட்டை நம்பரில் காட்டும். நாள் முழுக்க இதே வேலையாக இருக்கிறவர்களுக்கு அது. நடுவில் ஒன்று, கைப்பிடியிலேயே சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருந்தது. உன் அப்பன் சொன்னது அதைத்தான். நிற்க வைக்க ஒரு தாங்கி, முனையைத் துடைக்கப் பித்தளைச் சுருள், மெல்லிசு ஈயக் கம்பி எல்லாம் வாங்கினேன்.

வைத்த ஈயத்தைத் திரும்ப எடுக்கிற குழலுக்கு மட்டும் பாஸோடு மல்லுக்கு நின்றேன். அது ஊசி போடுகிற சிரிஞ்சு மாதிரி இருக்கும், உள்ளே ஸ்பிரிங். அமுக்கி வைத்துக்கொண்டு, ஈயம் உருகினதும் பொத்தானைத் தட்டினால் டக்கென்று உறிஞ்சிவிடும். அவர் எடுத்துப் போட்ட பிளாஸ்டிக் குழலை என் விரல் நுனியில் வைத்துத் தட்டினேன். சும்மா மூச்சு விட்டது. வேண்டாம் என்றேன். இரண்டாவதும் அப்படியே. கடைசியில் இரும்பு உடம்பும் வாயில் மெத்தென்ற ரப்பரும் வைத்த ஒன்றை எடுத்தார். அது விரலைக் கவ்வி இழுத்தது. "ஆன்டி ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றார். ஆமாம் என்றேன். குழலுக்கு எட்டாத இடத்துக்கு, ஈயத்தைத் திரி மாதிரி இழுத்துக்கொள்கிற செம்புப் பின்னலும் ஒரு சுருள் கொடுத்தார்.

ஒன்றில் மட்டும் கோட்டை விட்டேன். அயர்னுக்கு மாற்றி மாட்ட முனை எது வேண்டும் என்று கேட்டார். உளி மாதிரி தட்டையாக ஒன்று, ஊசி மாதிரி கூராக ஒன்று. உன் அப்பன் தட்டைதான் சொன்னான். ஆனால் பூத்தொடுக்கிற எனக்கு அந்த ஊசி முனையைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. சின்ன விளக்குக்குச் சின்ன முனைதானே பொருத்தம் என்று அதையே மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா, நுனி கூரா இருந்தா சூடு எங்கமா நிக்கும்? தோசைய ஊசி மேலயா சுடுவே?" நல்லவேளை, பாஸ் தட்டை முனை ஒன்றைப் பையில் சும்மா போட்டுவிட்டிருந்தார். நான் எடுத்தது தப்பு என்று அவருக்கு அங்கேயே தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

இதைவிடப் பெரிய கூத்து அப்புறம்தான். ஈயம் ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை தடவ வேண்டுமாம். உன் அப்பன் ஒரு பழைய டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தான். திறந்து பார்த்தால் மஞ்சளாக, கொழுகொழுவென்று இருந்தது. இது எதில் செய்தது என்றேன். "யாருக்குத் தெரியும், ஏதாச்சும் கொழுப்பா இருக்கும்" என்று டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். காவடி வேலை ஆரம்பித்த நாளிலிருந்து நான் கவிச்சி தொடாமல், தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சட்டத்தில் கை வைக்கிறேன். எந்த மாட்டுக் கொழுப்போ, பன்றிக் கொழுப்போ, அதை முருகன் காவடியில் தடவுவேனா? டப்பாவும் பந்து போன இடத்துக்கே போனது.

அப்புறம் யோசித்தேன். பசை என்பது மரப்பிசினாகவும் இருக்கலாமே. சாமி மேடையிலிருந்து சாம்பிராணிக் கட்டியை எடுத்து, இடித்து, சூடான முனையை அதில் முக்கி முக்கி ஈயம் வைத்தேன். வீடு முழுக்கப் புகை. மாதவி மாடியிலிருந்து என்ன பூஜை என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தாள். புஷ்பவல்லி நம் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்து வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றாள். உன் அப்பன் சிரிக்க ஆரம்பித்தான் பார், நிறுத்தவே முடியவில்லை. கண்ணில் தண்ணீர், இருமல். "அம்மா, மலைக்குப் போற வழியெல்லாம் காவடி தானே தூபம் போடும்மா!" என்கிறான். நானும் சிரித்தேன். மாதவி மட்டும் சிரிக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிரித்து முடித்ததும்தான் ஈயக் கம்பிச் சுருளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். நான் வாங்கிவந்த ஈயக் கம்பிக்கு உள்ளேயே பிசின் ஓடுகிறதாம், அது பைன் மரத்துப் பிசினாம், தனியாக ஒன்றும் தடவ வேண்டியதில்லையாம். பாவி, முதலிலேயே சொல்லக்கூடாதா?

நான் சாம்பிராணி போட்டு வைத்ததெல்லாம் கறுத்துக் கட்டியாகி, விளக்கு எரிந்தும் எரியாமலும் கண் சிமிட்டியது. அத்தனையையும் எடுத்தாக வேண்டும். எடுப்பது வைப்பதைவிடக் கஷ்டம், குரு. ஒரு கையில் அயர்ன், இன்னொரு கையில் குழல், உருகின அந்த நொடியில் தட்ட வேண்டும். என் இடது கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. உன் அப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். "நீ சூடு வை. நான் உறிஞ்சுறேன்" என்று இடது கையால் குழலைப் பிடித்தான். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். அவன் "இப்ப" என்பான், நான் எடுப்பேன், அவன் தட்டுவான். தினமும் சாயங்காலம் ஃபேனைப் பக்கத்தில் வைத்துப் புகையைத் தள்ளிவிட்டு இதே வேலை. முடிந்ததும் என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சோப்பு போட்டுக் கை கழுவ வைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க விடுகிறான். ஈயம் விஷமாம்.

இப்போது கேள். போன வெள்ளிக்கிழமை இடது கை வலிக்கிறது என்று குழலை வலது கைக்கு மாற்றினான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஈயம் உருகியது. அந்தக் கட்டைவிரல் நடுங்கி நடுங்கிப் போய்ப் பொத்தான் மேல் உட்கார்ந்தது. டக் என்றது. உறிஞ்சிவிட்டது. அடுத்த விளக்குக்கு அயர்னைக் கொண்டுபோனேன். மறுபடி டக்.

கை வந்துவிட்டது, குரு. முழுசாக இல்லை, வந்துகொண்டிருக்கிறது. முருகன் தன் பங்கைக் கொடுத்துவிட்டான். இனி உன் பங்கு.

நீ வந்து வாசலில் நின்றால் உன் அப்பன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லி எழுத மாட்டேன். அவன் என் வயிற்றில் பிறந்தவன், எதையும் லேசில் விடுகிறவன் இல்லை. காவடி உனக்குத்தான் என்று தெரிந்தால் இத்தனை நாள் வைத்த விளக்கை எல்லாம் பிடுங்கிப் போட்டாலும் போடுவான். ஆனாலும் நீ வர வேண்டும். நேர்ந்தவன் நீ. காசு கொடுத்து வேறு ஆளைத் தூக்க வைக்கிற குடும்பம் நாம் இல்லை. யோசித்து, புஷ்பவல்லி மகளிடம் பதில் எழுதிக் கொடு. உன் அம்மா கொடுக்கச் சொன்ன முறுக்கு டின்னும் இத்தோடு வருகிறது. ரூமில் இருக்கிறவர்களுக்கும் கொடு, நீயே மொக்காதே.

அன்போடு,
உன் பாட்டி இராஜம்மா

---

வியாழக்கிழமை

குரு,

உறையை ஒட்டிவிட்டேன். இப்போது ஆவியில் காட்டிப் பிரித்து மறுபடி எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒன்று தப்பு.

நேற்று காவடி வேலை முடிகிற நேரம். மயிலிறகுக்கு நடுவில் வேல் மாதிரி விளக்கு வைத்தாயிற்று, ஒவ்வொரு வரிசையாக எரித்துப் பார்த்தாயிற்று. கடைசியாக இடுப்புப் பட்டையில் பேட்டரியும் சுவிட்சும். தூக்குகிறவன் நடக்கும்போதே தொட்டு அமுக்க வசதியாக வலது இடுப்புப் பக்கம் சுவிட்சை வைத்து, நானே தனியாக ஈயம் வைத்தேன். உருண்டையாக, பளபளவென்று வந்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஜாலான் பாசார் பாஸ் பார்த்தால் வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்.

உன் அப்பன் வந்து பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லுவான் என்று நினைத்தேன். "கழட்டு" என்றான்.

ஏன்டா, சரியாக ஒட்டவில்லையா என்றேன். "ஒட்டினது நல்லா இருக்கு. அந்தப் பக்கம் வேண்டாம். இந்தப் பக்கம் வை" என்று இடது இடுப்பைக் காட்டினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை அழகாக வைத்ததை யார் எடுப்பார்கள்? "லோகன் சோத்தாங்கைக்காரன்தானேடா, இடது பக்கம் வைத்தால் அவன் எப்படி அமுக்குவான்?" என்று கத்தினேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழலை எடுத்தான், வலது கையில். ஸ்பிரிங்கை மேசையில் ஊன்றி அமுக்கினான். "சூடு வைம்மா" என்றான்.

நான் சூடு வைத்தேன். அவன் உறிஞ்சினான். மூன்று ஒயரையும் எடுத்து, பட்டையின் இடது பக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தோம்.

இந்தக் குடும்பத்தில் இடது கையால் எழுதுகிறவன், இடது கையால் பந்து எறிகிறவன் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கையை ரூலரால் அடித்த டீச்சரை இன்றைக்கும் காய்கறிப் பாசாரில் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். உன் அப்பனும் அவளோடு பேசுவதில்லை.

எப்போதிலிருந்து அவனுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. லோகன் உளறினானா, அல்லது என் பொய் அவ்வளவு மோசமா, தெரியாது. கேட்டால் இல்லை என்பான். அப்புறம் அந்த "இல்லை"யை வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிவான். அதனால் விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் மாதவி ஆசையாக ஓடிவந்து, "மொத்தமா ஒரு தடவை எரியவிட்டுப் பார்க்கலாமா?" என்று சுவிட்சில் கை வைக்கப் போனாள். "தொடாதே" என்றான் உன் அப்பன். ஏன் என்று கேட்டாள். "தூக்குறவன் வந்து அமுக்கட்டும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு மஞ்சள் துணியை எடுத்துக் காவடி மேல் போர்த்தினான். ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்துச் சரி பண்ணினான்.

உன் அம்மா அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கண்ணில் புகை பட்டிருந்தது.

முன்னறையில் காவடி நிற்கிறது. உட்கார இடம் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். டிவியை மாடிக்குக் கொண்டுபோய்விட்டோம். உன் அப்பன் சாயங்காலமானால் மாடிக்குப் போவதில்லை, அந்த மஞ்சள் துணிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு, மாதவி புதுசாக வாங்கிவந்த பந்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

உன் ரூமை நான் கூட்டிவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். நீ அவனோடு பேச வேண்டாம், அவனும் பேச வேண்டாம். வாசப்படி மிதிக்காதே என்றானே, பின்வாசல் வழியாக வா. அந்தப் பக்கம் நான் இருப்பேன்.

நீ எந்த ஊரில் நின்றாலும் முருகன் உன் தோளுக்குப் பலம் கொடுக்கட்டும். அங்கே கடல் பக்கம், மீன் நல்லதாகக் கிடைக்கும் என்று புஷ்பவல்லி மகள் சொல்கிறாள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றிலிருந்து அதைத் தொடாதே, ராஜா. விரதத்தை அங்கேயே ஆரம்பித்துவிடு. முடிப்பது இங்கே.

உன் பாட்டி